பாடம் 6: வீட்டு வாசலிலிருந்து பாடசாலை வாசல் வரை

நமுனுகுல, பசறை, பதுளைப் பகுதிகளில் மீளக் குடியேறும் குடும்பங்களுக்கு

இந்தப் பாடத்தைப் படித்து முடிக்கும்போது நீங்கள் மூன்று காரியங்களைச் செய்யக்கூடியவர்களாக இருப்பீர்கள்:

• ஒரு வீட்டை அல்லது காணியை ஏற்றுக்கொள்ளும் முன், அங்கிருந்து பிள்ளை நடந்து செல்லக்கூடிய பாடசாலை உண்டா, அது எந்தத் தரம் வரை கற்பிக்கிறது என்று அறிந்துகொள்ளுதல்.
• பெயரைக் கேட்டு மயங்காமல், ஒரு பாடசாலையின் உண்மையான நிலையைக் கேள்வி கேட்டு அறிதல்.
• அனுமதிக்கு வேண்டிய ஆவணங்களை முன்கூட்டியே சேர்த்து வைத்தல்.

குடும்பத்தில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இதை மற்றவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நடக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

1. ஏன் பாடசாலையிலிருந்து தொடங்க வேண்டும்?

ஊவாத் தோட்டங்களிலிருந்து 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. போர் அங்கும் வந்தபோது பலர் கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களுக்குச் சென்றார்கள். இன்று திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலான பிள்ளைகள் நமுனுகுல மலையைப் பெற்றோரின் பேச்சில் மட்டும் அறிந்தவர்கள். முகாமில் இருந்தபோது பாடசாலை பெரும்பாலும் பக்கத்திலேயே இருந்தது. பிள்ளை எப்படிப் போகும் என்ற கேள்வி அங்கே பெரிதாக எழவில்லை. மலைநாட்டில் அதுதான் முதற் கேள்வி.

திரும்பி வரும் குடும்பம் வழக்கமாக முதலில் உறவினர் இருக்கும் இடத்தைப் பார்க்கும். பிறகு வேலையையும் வீட்டையும் பார்க்கும். பாடசாலை கடைசியில் வரும். “எங்கேயாவது ஒரு பள்ளிக்கூடம் இருக்கும்தானே” என்று விட்டுவிடுவோம். இருக்கும். ஆனால் அது தரம் 5 வரை மட்டும் உள்ள பாடசாலையாக இருந்தால், ஐந்து வருடம் கழித்து அதே கேள்வி திரும்பி வரும். அப்போது பிள்ளைக்குப் பத்து வயது. அடுத்த பாடசாலை பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கும். காலை பஸ் நிற்காமல் போகும் நாட்களில் பிள்ளை வீட்டில் நிற்கும். அப்படி நின்ற நாட்கள் கூடிக் கூடித்தான் படிப்பு நிற்கிறது. பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் சீக்கிரமாக நடக்கிறது. பெரிய பிள்ளை தனியே தூரம் போவதா என்ற பயமே அதற்குக் காரணமாகிவிடுகிறது.

ஆகவே இந்தப் பாடம் சொல்வது ஒன்றே: தரம் 1க்கு மட்டுமல்லாமல் தரம் 13 வரை உள்ள பாதையைப் பார்த்து வீட்டைத் தெரிவு செய்யுங்கள்.

2. பாடசாலைகளின் வகையை அறிந்துகொள்ளுங்கள்

இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். அரசாங்கப் பாடசாலைகளில் பாடநூல்களும் சீருடைத் துணியும் இலவசமாகக் கிடைக்கின்றன. 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளை பாடசாலைக்குப் போவது கட்டாயம். ஆனால் எல்லாப் பாடசாலைகளும் எல்லாத் தரங்களையும் நடத்துவதில்லை. அதிபரிடமோ வலயக் கல்வி அலுவலகத்திலோ “இது எந்த வகைப் பாடசாலை?” என்று கேளுங்கள். பதில் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்:

• 1ஏபி: உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உண்டு.
• 1சி: உயர்தரத்தில் கலை, வர்த்தகப் பிரிவுகள் உண்டு, விஞ்ஞானம் இல்லை.
• வகை 2: தரம் 11 வரை. க.பொ.த. சாதாரண தரம் எழுதலாம்.
• வகை 3: ஆரம்ப வகுப்புகள். பெரும்பாலும் தரம் 5 வரை, சில இடங்களில் தரம் 8 வரை.

தோட்டத்துக்குள் இருக்கும் பாடசாலைகளில் பல வகை 3ஐச் சேர்ந்தவை. அதனால் அவை தரம் குறைந்தவை என்று பொருளில்லை. சிறு பிள்ளைக்கு லயத்துக்குப் பக்கத்தில், தெரிந்த முகங்களுக்கு நடுவில் இருக்கும் பாடசாலை பெரிய வரம். கேட்க வேண்டியது அதற்கு அடுத்த கேள்வி: “இங்கே தரம் 5 முடித்த பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? எப்படிப் போகிறார்கள்?” அதிபர் ஒரு பாடசாலையின் பெயரையும் பஸ் புறப்படும் நேரத்தையும் உடனே சொன்னால் பாதை இருக்கிறது. “சிலர் போவார்கள், சிலர் நின்றுவிடுவார்கள்” என்று சொன்னால் நன்றாக யோசியுங்கள்.

3. நகரம், பசறை, தோட்டம்: எதில் என்ன கிடைக்கும்?

பதுளை நகரம். ரயில் பாதை முடியும் இடம். ரயில் நிலையம், பஸ் நிலையம், வைத்தியசாலை, மாவட்டச் செயலகம், கடைத்தெரு எல்லாம் ஒன்றுக்கொன்று நடக்கும் தூரத்தில் உள்ளன. தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் சரஸ்வதி கல்லூரி, தமிழ் மகளிர் பாடசாலை, அல் அதான் ஆகியவை நகரில் உள்ளன. பசறை வீதியில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் உண்டு. பிள்ளை ஒன்று ஆரம்ப வகுப்பிலும் மற்றொன்று உயர்தரத்திலும் இருந்தால், இரண்டும் நடந்து போகக்கூடிய இடம் இந்தப் பகுதியில் பெரும்பாலும் இதுதான். ஆனால் வாடகை கூடுதல். தோட்ட வேலையும் கிடைக்காது. நாட்கூலி, கடை வேலை, தையல் போன்ற வருமானம் உறுதியானால் மட்டுமே நகரம் பொருந்தும்.

பசறை. பதுளையிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீற்றர். சிறிய பட்டணம். தமிழ்த் தேசிய பாடசாலை, வைத்தியசாலை, பிரதேச செயலகம், வலயக் கல்வி அலுவலகம் எல்லாம் இங்கே இருப்பதால் ஒரே நாளில் பல அலுவல்களை முடிக்கலாம். சுற்றியுள்ள தோட்டங்களில் வேலை செய்துகொண்டே பட்டணத்தை ஒட்டிக் குடியிருக்கும் வாய்ப்பும் உண்டு. வேலையையும் பாடசாலையையும் சேர்த்துப் பார்க்கும் குடும்பங்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் இது.

நமுனுகுலவும் சுற்றுத் தோட்டங்களும். உறவும் வேலையும் வீட்டுக் காணியும் இங்கேதான் கிடைக்கக்கூடும். தோட்ட வீடமைப்புத் திட்டங்களில் வீட்டுக்கான காணி வழங்கப்படுகிறது. ஆனால் ஒரே தோட்டத்துக்குள்ளும் பிரிவுக்குப் பிரிவு நிலைமை மாறும். கீழ்ப்பிரிவில் இருப்பவர் பத்து நிமிடத்தில் பாடசாலைக்குப் போவார். மேற்பிரிவில் இருப்பவர் ஒரு மணி நேரம் இறங்கி, பிற்பகலில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஏறி வருவார். “இன்ன தோட்டத்தில் வீடு” என்ற தகவல் போதாது. எந்தப் பிரிவு, எந்த லயம் என்று கேளுங்கள்.

பண்டாரவளைப் பக்கம் உறவினர் உள்ளவர்கள் அங்குள்ள தமிழ் மத்திய கல்லூரியையும் கணக்கில் எடுக்கலாம். கேட்கும் கேள்விகள் இவையே.

4. நடந்து பாருங்கள்

வரைபடத்தில் பார்க்கும் தூரம் மலைநாட்டில் உதவாது. மேலிருந்து கை காட்டும் இடத்துக்கு வீதி வளைந்து வளைந்து போகும். வீட்டை ஏற்பதற்கு முன் பெற்றோரில் ஒருவர், முடிந்தால் பிள்ளையுடன், பாதையை நடந்து பார்க்க வேண்டும்.

இரு தடவை நடவுங்கள். பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30க்கு முடிகிறது. சிறிய வகுப்புகள் அதற்கு முன்பே விடும். காலையில் நடந்து பார்த்தால் பாதை நன்றாகவே தெரியும். திரும்பும் நேரத்திலும் நடந்து பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை அதிகம். பிற்பகலில் இடியோடு பெய்யும் நாட்கள் பல. காலையில் கல் மேல் தாண்டிப் போன ஓடை, பிற்பகலில் தாண்ட முடியாததாக இருக்கலாம். “மழை நாளில் பிள்ளைகள் எந்த வழியாக வருவார்கள்?” என்று அங்குள்ளவர்களைக் கேளுங்கள்.

நேரத்தை அளவிடுங்கள். பை சுமந்த ஆறு வயதுப் பிள்ளை ஏற்றத்தில் ஒரு கிலோமீற்றர் நடக்க 25 நிமிடம் வரை எடுக்கலாம். ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வழிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் போனால் அது தூரம். போக 45 நிமிடம், வர 45 நிமிடம் என்றால் நாளுக்கு ஒன்றரை மணி. பாடசாலை நடக்கும் 200 நாளுக்கு 300 மணி நேரம். அது படிக்கவும் விளையாடவும் தூங்கவும் வேண்டிய நேரம்.

பாதையில் இவற்றைக் கவனியுங்கள்:

• பாதுகாப்பு வேலி இல்லாத பள்ளம், பாலம் இல்லாத ஓடை.
• நடைபாதை இல்லாமல் பஸ்ஸும் லொறியும் திரும்பும் வளைவு. 2021 மார்ச் 20 அன்று பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அப்படிப்பட்ட வீதியின் ஓரத்தில்தான் பிள்ளைகள் நடக்கிறார்கள்.
• மரத்திலும் பாறையிலும் குளவிக்கூடு. இருந்தால் தோட்ட நிர்வாகத்துக்கும் அதிபருக்கும் அறிவியுங்கள்.
• ஆளில்லாத குறுக்குப்பாதை, தவறணைக்கு முன்னால் போகும் வழி.
• வழியில் தெரிந்தவர் வீடு. அவசரத்துக்குப் பிள்ளை ஒதுங்கக்கூடிய ஓரிடமாவது வேண்டும்.
• ஒரே திசையில் போகும் மற்றப் பிள்ளைகள். நான்கைந்து பேர் சேர்ந்து, மூத்த பிள்ளை ஒன்று முன்னால் நடக்க, ஒரு பெரியவர் முறை வைத்துக் கூடப் போனால் பாதி ஆபத்து குறையும்.

நடக்க முடியாத தூரமானால் பஸ்ஸைப் பாருங்கள். இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்களில் மாணவருக்குக் குறைந்த கட்டணப் பருவச்சீட்டு உண்டு. சில வழிகளில் “சிசு செரிய” பாடசாலை பஸ் ஓடுகிறது. உங்கள் வழியில் ஓடுகிறதா, தரிப்பிடம் எங்கே, மழை நாளிலும் வருமா என்று அந்த வழியில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரிடமே கேளுங்கள்.

உண்மையான வாடகையைக் கணக்கிடுங்கள். கணக்கைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணம்: தூரத்து வீட்டுக்கு வாடகை மாதம் 8,000 ரூபா. இரண்டு பிள்ளைகளுக்கு வேன் 10,000 ரூபா. மொத்தம் 18,000. பாடசாலைக்குப் பக்கத்து வீட்டுக்கு வாடகை 15,000. பிள்ளைகள் நடந்து போவார்கள். மலிவு என்று எண்ணிய வீட்டுக்கு மாதம் 3,000 ரூபா கூடுதலாகச் செலவாகிறது. பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவதற்காகத் தாய் இழக்கும் நாட்சம்பளத்தையும் இதோடு சேருங்கள்.

5. நல்ல பாடசாலை எது?

2016இல் கல்வி அமைச்சு “அருகிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை” என்ற திட்டத்தைத் தொடங்கியது. பெரிய பெயருள்ள சில பாடசாலைகளுக்கு முன்னால் எல்லோரும் நெருக்கியடிப்பதைக் குறைப்பதே அதன் நோக்கம். அருகிலுள்ள எல்லாப் பாடசாலையும் சிறந்ததாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் பெயரைக் கேட்டு ஓடுவதற்கு முன் அருகில் இருப்பதை ஒருமுறை நேரில் பார்ப்பது நல்லது. அதிபரைச் சந்தித்து இவற்றைக் கேளுங்கள்:

• கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா?
• இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்பிக்க ஆசிரியர் உண்டா? தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு முற்றிலும் புதிய பாடம் இதுதான்.
• பெண்பிள்ளைகளுக்குத் தனி மலசலகூடமும் தண்ணீரும் உண்டா?
• மதிய உணவு எந்த வகுப்புகளுக்கு வழங்கப்படுகிறது?
• இந்தியாவிலிருந்து வந்த பிள்ளைகள் முன்பு சேர்ந்திருக்கிறார்களா? அவர்களுக்கு எப்படி உதவினார்கள்?

பெறுபேற்றைக் கேட்கும்போது ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள். “சாதாரண தரத்தில் 12 பேர் எழுதி 12 பேரும் சித்தி” என்று ஒரு பாடசாலை சொல்லலாம். “40 பேர் எழுதி 30 பேர் சித்தி” என்று மற்றது சொல்லலாம். முதலாவது சிறந்தது போலத் தோன்றும். “அந்த வகுப்பு தரம் 6இல் எத்தனை பேருடன் தொடங்கியது?” என்று கேளுங்கள். முதற் பாடசாலையில் 30 பேர் தொடங்கி 18 பேர் நடுவில் நின்றுவிட்டார்கள் என்றால், இரண்டாவது பாடசாலையே உங்கள் பிள்ளையைக் கடைசி வரை கூட்டிச் செல்லும் பாடசாலை.

6. அனுமதியும் ஆவணங்களும்

தரம் 1: அனுமதி பெறும் ஆண்டின் ஜனவரி 31இல் பிள்ளைக்கு 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். விண்ணப்பம் பொதுவாக முந்தைய ஆண்டின் நடுப்பகுதியிலேயே கோரப்படுகிறது. ஊர் வந்து சேர்ந்தவுடனே விசாரியுங்கள்.

பல தோட்டப் பாடசாலைகளில் இடத்துக்குப் போட்டி இல்லை. தேசிய பாடசாலைகளில் போட்டி உண்டு. இடங்கள் பிரிவு பிரிவாக ஒதுக்கப்படுகின்றன. வழக்கமான ஒதுக்கீட்டில் பாதி, அதாவது 50 சதவீதம், அருகில் வசிப்போருக்கு. இதில் வாக்காளர் இடாப்பில் எத்தனை ஆண்டுகளாகப் பெயர் உள்ளது என்பதற்குப் புள்ளி உண்டு. வீட்டுக்கும் விண்ணப்பிக்கும் பாடசாலைக்கும் இடையே வேறு பொருத்தமான பாடசாலைகள் இருந்தால் புள்ளி குறையும். புதிதாக வந்த குடும்பத்துக்கு இடாப்பில் பழைய பதிவு இருக்காது. ஆகையால் வெளிநாட்டிலிருந்து பிள்ளையுடன் திரும்பியோருக்கான 1 சதவீதப் பிரிவையும் மறக்காமல் கேளுங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். அந்த ஆண்டின் சுற்றறிக்கையை வலயக் கல்வி அலுவலகத்தில் பாருங்கள். எந்தப் பாடசாலையானாலும், குடியேறிய உடனே கிராம உத்தியோகத்தரிடம் பதிந்து, வாக்காளர் இடாப்பிலும் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். இளைய பிள்ளைக்கு அது உதவும்.

சேர்த்து வைக்க வேண்டியவை:

• பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு இந்தியச் சான்றிதழும், இலங்கைக் குடியுரிமைப் பதிவுச் சான்றிதழும். சென்னையிலுள்ள துணை உயர் ஸ்தானிகராலயத்தில் இதைப் புறப்படும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.
• தமிழ்நாட்டுப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியல்களும். மூலப்பிரதியை எவரிடமும் விட்டுவிடாதீர்கள். பிரதி எடுத்துக் கொடுங்கள்.
• தடுப்பூசி அட்டை.
• கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ். லயத்துக்குத் தனி இலக்கம் இல்லாத இடங்களில் தோட்ட நிர்வாகத்தின் கடிதமும் உதவும்.
• பெற்றோரின் அடையாள அட்டை அல்லது பயண ஆவணம்.

பெற்றோரில் எவருக்காவது குடியுரிமைத் தாள் இல்லையென்றால் கலங்க வேண்டாம். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், இந்தியாவில் அகதிகளாக வாழ்ந்தோரையும் உள்ளடக்குமாறு 2009இல் திருத்தப்பட்டது. இதற்கான வழியைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். ஆவணம் குறைகிறது என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழே இல்லாத பிள்ளைக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெற வழி உண்டு. பாடசாலை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, வலயக் கல்விப் பணிப்பாளரிடம் கொண்டுபோங்கள்.

பெரிய வகுப்புப் பிள்ளைகள்: தமிழ்நாட்டில் 10ஆம் வகுப்பில் பொதுத்தேர்வு, இங்கே சாதாரண தரம் தரம் 11இல். அங்கே 12ஆம் வகுப்போடு முடியும். இங்கே உயர்தரம் தரம் 13இல். இரண்டும் ஒன்றுக்கொன்று சரிசமம் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். எந்தத் தரத்தில் சேர்ப்பது என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்ட பிறகே தீர்மானியுங்கள். ஒரு தரம் கீழே சேர்ப்பதானால் பிள்ளையிடம் காரணத்தை விளக்குங்கள். அது தண்டனை என்று பிள்ளை நினைக்கக் கூடாது.

7. மலையையும் பாருங்கள்

பாடசாலைக்கு எவ்வளவு அருகில் இருந்தாலும், சரியும் நிலத்தில் வீடு வேண்டாம். பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்குப் பெற்றோர் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. போவதற்கு வேறு இடம் கிடைக்காமல் சனங்கள் அங்கேயே இருந்தார்கள். தப்பியவர்களுக்கு மகல்தெனியத் தோட்டத்தில் 75 வீடுகள் 2016இல்தான் கையளிக்கப்பட்டன.

காணி தருகிறவரிடம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை உண்டா என்று கேளுங்கள். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், சாய்ந்த கம்பம், புதிதாகப் பொங்கும் ஊற்று, திடீரெனக் கலங்கும் தண்ணீர் ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருங்கள்; 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகுங்கள்; 150ஐத் தாண்டினால் வெளியேறுங்கள். பாடசாலைப் பாதையையும் இதே கண்ணால் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

பயிற்சி: வீட்டுக்கு வீடு ஒப்பிடுதல்

ஒரு தாளில் நீங்கள் பார்த்த இரண்டு அல்லது மூன்று வீடுகளின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதுங்கள்.

1. மிக அருகிலுள்ள தமிழ்மொழி மூலப் பாடசாலை எது? எந்தத் தரம் வரை?
2. சின்னப் பிள்ளை நடக்க எத்தனை நிமிடம்? திரும்பி வர எத்தனை நிமிடம்?
3. தரம் 6க்கு எங்கே? உயர்தரத்துக்கு எங்கே? எப்படிப் போவது?
4. மழை நாளில் பாதை திறந்திருக்குமா?
5. வாடகையும் போக்குவரத்தும் சேர்ந்து மாதம் எவ்வளவு?
6. நிலம் பாதுகாப்பானதா? யார் சொன்னது, எழுத்தில் உண்டா?
7. பெற்றோருக்கு வேலை எங்கே? பிள்ளை வீடு வரும் நேரத்தில் வீட்டில் யார்?

ஆறாவது கேள்விக்கு நல்ல பதில் இல்லாத வீட்டை முதலில் நீக்குங்கள். மிஞ்சியவற்றில் மூன்றாவது கேள்விக்கு எதில் தெளிவான பதில் இருக்கிறது என்று பாருங்கள். எல்லாக் கேள்விக்கும் நல்ல பதில் தரும் வீடு கிடைப்பது அரிது. தரம் 5 வரை தோட்டத்தில் இருந்து, பிறகு பசறைக்கோ பதுளைக்கோ மாறுவது என்றும் ஒரு குடும்பம் தீர்மானிக்கலாம். அதுவும் நல்ல முடிவுதான். ஆனால் மாறும் ஆண்டை இப்போதே எழுதி வையுங்கள். அதற்காகச் சிறிது சிறிதாகப் பணமும் சேருங்கள்.

முடிவெடுக்க உதவி தேவைப்பட்டால், இந்தத் தாளை எங்கள் கள உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். அவர் உங்களுடன் அந்தப் பாதையை நடந்து பார்ப்பார்.